அக்கரைப் பிறை

எங்கள் வீட்டு டிவியின் முதுகில் அன்டெனா வயரைச் செருகுவதற்கு ஒரேயொரு ஓட்டைதான் இருந்தது. இந்தக் கதைக்கு அது முக்கியம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற விஷயங்களெல்லாம் எனக்கு இன்றைக்கும் குழப்பமாகத்தான் இருக்கின்றன. ஓட்டை ஒன்றுதான் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

கல்பிட்டிப் பக்கம் எங்கள் ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கடல்நீர் உள்ளே வந்து தேங்கிய களப்பு. நடுவில் நாங்களும் வெங்காயத் தோட்டங்களும் நேவிக்காரர்களும் இருந்தோம். வாப்பா கருவாட்டு வியாபாரி. எங்கள் தெருவில் முதலில் டிவி வாங்கியவர் அவர்தான். குசினிச் சுவரோடு சேர்த்துக் கட்டிய நீளமான இரும்பு பைப்பின் உச்சியில் அன்டெனா நின்றது. பைப்பைத் தெற்கே திருப்பினால் கொழும்பு வரும். வடக்கே திருப்பினால், கடல் நன்றாக இருக்கிற நாட்களில், இந்தியா வரும். ஒருவர் வெளியே நின்று திருப்ப, இன்னொருவர் உள்ளேயிருந்து "இன்னங் கொஞ்சம், இன்னங் கொஞ்சம், ஆ, நில்லு" என்று கத்த வேண்டும். அது பெரிய தொல்லை. ஆனால் எந்த நாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது கையில் பைப்பின் துருவோடு ஒட்டிக்கொள்ளும். மறக்க வழியில்லை.

கொழும்பு டிவி அரசாங்கத்துடையது. தமிழுக்கு அவர்கள் ஒதுக்கியது ஒரு நாளில் கையளவு நேரம். செய்தியில் யுத்தக் கணக்குச் சொல்வார்கள். இன்றைக்கு இத்தனை பேர் அந்தப் பக்கம், இத்தனை பேர் இந்தப் பக்கம். எங்கள் ஊரில் அந்தக் கணக்கை நம்பிய ஒருவரையும் நான் கண்டதில்லை. வாப்பா பாதியில் எழுந்து தொழுகைக்கு ஒழு எடுக்கப் போய்விடுவார். ஆனால் வருஷத்தில் ஒரு மாலை மட்டும், நோன்பு இருபத்தொன்பதாம் நாள் மஹ்ரிப் தொழுகைக்குப் பிறகு, அதே டிவிக்கு முன்னால் எங்கள் ஹோலில் முப்பது பேர் மூச்சு விடாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஓடுகிற நிகழ்ச்சியை நிறுத்தி, எழுதிய அட்டை ஒன்றைக் காட்டுவார்கள். பிறை தென்பட்டது அல்லது தென்படவில்லை. அவ்வளவுதான். அதை யாரும் சந்தேகித்ததில்லை. யுத்தத்தைப் பற்றி வாய் கூசாமல் சொல்கிறவன் பிறையைப் பற்றி உண்மை சொல்வான் என்று நாங்கள் எப்படி முடிவு செய்தோம் என்பது இப்போது யோசித்தால் புரியவில்லை. அப்போது அது ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை.

அட்டையைப் பார்த்ததும் வாப்பா வாசல் கேட்டடியில் நிற்கிற, பாங்கு சொல்கிற மோதினாரிடம் சொல்வார். மோதினார் பள்ளிவாசலுக்கு ஓடுவார். முன்பெல்லாம் பிறை கண்டால் பள்ளி முற்றத்தில் வெடி போடுவார்களாம். இறங்குதுறைக்குப் பக்கத்தில் நேவி முகாம் வந்த பிறகு வெடி என்ற சொல்லையே யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. அதனால் மினாராவின் உச்சியில் பெரிய பச்சை லைட் ஒன்றைப் பூட்டினார்கள். இரண்டு பெருநாளுக்குமாக வருஷத்தில் இரண்டு தடவை அதை எரிக்க முகாமில் எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தார்கள். அந்த லைட் எங்களுக்காக அல்ல. உச்சமுனைக்குப் போகிற வழியில் களப்புக்குள் ஒரு சின்னத் தீவு இருந்தது. இருபது இருபத்தைந்து குடும்பங்கள், எல்லாரும் மீன் பிடிக்கிறவர்கள், எங்கள் பள்ளி ஜமாஅத்தைச் சேர்ந்தவர்கள். அங்கே கரண்ட் கிடையாது. எங்கள் பாங்கு கேட்காது. ரேடியோ இருந்தது. ஆனால் ரேடியோ கொழும்புக்காரனுக்குச் சொல்வது, நமக்குச் சொல்வது நம் பள்ளி என்பது அவர்கள் நியாயம். பச்சை லைட் எரிந்தால் பெருநாள். எரியாவிட்டால் இன்னொரு நோன்பு.

கட்டாரில் வேலை செய்த என் மூத்த சகோதரர், எங்கள் நானா, லீவில் வந்து ஒரு டிஷ்ஷைக் கூரையில் பூட்டிவிட்டுத் திரும்பிப் போனது இந்த ஏற்பாட்டுக்கு நடுவில்தான். டிஷ் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று பெரிதாகச் சொல்ல வரவில்லை. யாரும் கொழும்பு டிவியோடு கோபித்துக்கொண்டு விலகவில்லை. ஒரு நாள் பார்க்கவில்லை, மறுநாளும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இந்தியாவிலிருந்து காலை முதல் இரவு வரை தமிழ் கொட்டும்போது கையளவு நேரத்துக்காகக் காத்திருக்க யாருக்குப் பொறுமை? இரண்டு வருஷத்தில் தெருவில் மூன்று வீட்டுக்கு ஒரு டிஷ் முளைத்தது. எங்கள் ஹோலில் பிறைக்கு வருகிற கூட்டம் முப்பதிலிருந்து பத்தாகி, பிறகு மோதினார் ஒருவராகியது. அவரும் கேட்டடியிலேயே நின்றுகொள்வார்.

ஓட்டை ஒன்றுதான் என்று சொன்னேனே. கொழும்பைப் பார்க்க வேண்டுமானால் டிஷ் வயரைப் பிடுங்கிவிட்டு, மேசைக்குப் பின்னால் பாம்பு மாதிரிச் சுருண்டு கிடக்கும் பழைய அன்டெனா வயரை எடுத்து அதில் செருக வேண்டும். அரை நிமிஷ வேலை. பிறை பார்க்கிற நாளில் அதைச் செய்வது என் பொறுப்பு.

அந்த வருஷம் எனக்குப் பத்தொன்பது வயது. சோதனை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். நோன்பு திறந்த கையோடு வாப்பா பள்ளிக்குக் கிளம்பினார்.

"மகள், பழைய வயரப் போட்டு வை. நான் தொழுதிட்டு வாரன்."

"ஓம் வாப்பா" என்றேன்.

போடவில்லை. இந்திய டிவியில் ஒரு நாடகம் முடிகிற வாரம் அது. கதாநாயகி கோர்ட்டில் நிற்கிறாள். அப்போது எங்கள் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னால் தள்ளிவிட்டிருந்த காலம். இந்தியாவின் ஆறரை எங்களுக்கு ஏழு. ஏழரைக்கு நாடகம் முடிந்ததும் வயரை மாற்றிவிடலாம், கொழும்புக்காரன் எட்டுக்கு முன்னால் எந்த வருஷம் பிறை சொன்னான் என்று எனக்கு நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். உம்மா குசினியில் இருந்தார். வாப்பா திரும்பி வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். மோதினார் வழக்கம்போல் கேட்டடியில்.

நாடகத்துக்கு நடுவே திரையின் அடியில் எழுத்துகள் ஓடின. பிறை தெரிந்தது, நாளை பெருநாள் என்கிற பொருளில் ஏதோ. ஏதோ என்றுதான் சொல்ல முடிகிறது. வரி எங்கே தொடங்கியது, அதில் ஊர்ப் பெயர் இருந்ததா, பெருநாள் என்றே போட்டார்களா, இல்லை அவர்கள் வழக்கப்படி பண்டிகை என்று போட்டார்களா, எதுவும் எனக்கு நிச்சயமில்லை. நான் பார்க்கும்போது வரியின் வால்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் துள்ளி எழுந்தேன். வயரை மாற்ற வேண்டிய வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேனா, பெருநாள் என்று சந்தோஷப்பட்டேனா, அதுவும் தெரியவில்லை.

"வாப்பா! பிறை கண்டாச்சி! நாளக்கிப் பெருநாள்!"

"நல்லாப் பாத்தியா மகள்?"

"ஓம் வாப்பா. டிவில போட்டுட்டாங்க."

வாப்பா அல்ஹம்துலில்லாஹ் என்றார். மோதினாரின் சைக்கிள் மணிச் சத்தம் தெரு முனையில் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பச்சை லைட் எரிந்தது, தக்பீர் தொடங்கியது. உம்மா வட்டிலப்பத்துக்கு முட்டை உடைக்க ஆரம்பித்தார். நான் மறுபடியும் கோர்ட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

எட்டு மணியைத் தாண்டி, பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் கூப்பிட்டார். அவர் யுத்தத்தில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து ஒரே நாளில் துரத்தப்பட்டு வந்தவர். தென்னோலைக் கிடுகு வீட்டில் யாரோ கொடுத்த கறுப்பு வெள்ளை டிவியும் தாழ்வான ஒரு அன்டெனாவும் வைத்திருந்தார். கொழும்பைத் தவிர வேறு எதுவும் அதில் வராது.

"என்ன புள்ள, பள்ளில லைட்டப் போட்டுட்டாங்க? இங்க இவன் பிறை காணல்ல எண்டு இப்பத்தானே போட்டான்?"

நான் பார்த்தது இந்திய டிவி. ஓடிப்போய் டிஷ் வயரைப் பிடுங்கி, பழைய வயரைச் செருகினேன். திரை முழுக்கப் புள்ளி. அன்டெனாவின் கைகளைக் கடல்காற்று எப்போதோ தின்றுவிட்டிருந்தது. புள்ளிகளுக்குள்ளிருந்து ஒரு குரல் சிங்களத்தில் ஏதோ வாசித்தது. வாப்பா வேலியைத் தாண்டிப் போய் மாமி வீட்டு டிவியைப் பார்த்துவிட்டு வந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். சேர்ட்டை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார்.

ஊரைத் திருத்துவது லேசாக முடிந்தது. மோதினார் ஒலிபெருக்கியில் சொன்னார், லைட்டை அணைத்தார், நோன்பு இரவுகளில் தொழுகிற தராவீஹுக்குக் கூப்பிட்டார். ஆட்கள் சிரித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் வந்தார்கள். ஆனால் தீவுக்கு யார் சொல்வது? லைட் எரிந்தால் பெருநாள் என்று ஏற்பாடு இருந்தது. எரிந்து அணைந்தால் என்ன என்று யாரும் பேசி வைத்திருக்கவில்லை. மோதினார் அணைத்துப் போட்டு, அணைத்துப் போட்டு ஏழெட்டுத் தடவை பார்த்தார். கடைசித் தடவை அணைக்கும்போது நேவிக்காரர் இரண்டு பேர் துவக்கோடு பள்ளி வாசலில் நின்றார்கள். யுத்த காலத்தில் களப்பைப் பார்த்து விளக்குச் சிமிட்டினால் அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

வாப்பா அவர்களோடே முகாமுக்குப் போனார். மாலை ஆறுக்குப் பிறகு களப்பில் ஒரு தோணியும் இறங்கக் கூடாது. வாப்பா தன் சந்தைச் சிங்களத்தில் கெஞ்சியிருக்கிறார், நான் தனியாகப் போகிறேன் அல்லது தீவுப் பக்கம் நிற்கிற உங்கள் ஆட்களுக்கு வயர்லெஸ்ஸில் சொல்லுங்கள் என்று. அங்கிருந்த அதிகாரிக்கு விஷயம் பிடிபடவில்லை. பெருநாள் ஒரு நாள் முந்தி வந்தால் அந்த மனிசருக்குச் சந்தோஷம்தானே, இதில் என்ன அவசரம் என்று கேட்டாராம். "ஹெட்ட உதே ஹயட்ட" என்றார்கள், நாளைக் காலை ஆறுக்கு. வாப்பா வீட்டுக்கு வந்து, உடுப்பு மாற்றாமல் கதிரையில் உட்கார்ந்தார். தீவுக்காரர் விடியுமுன் ஸஹர் சாப்பிட எழும்ப மாட்டார்கள் என்பதும், பெருநாள் தொழுகைக்கு முன் எதையாவது வாயில் போடுவது நம் வழக்கம் என்பதும் அவருக்குத் தெரியும். ஆறு மணிக்குத் தோணி இறங்கினால் ஏழு ஆகும். அவர் சொல்லாமலே எனக்கும் தெரிந்தது.

காலையில் உம்மா என்னையும் கூட அனுப்பினார், பெண்களுக்குச் சொல்ல நான் வேண்டும் என்று. உண்மையில் என்னை வீட்டில் வைத்திருக்க அவரால் முடியவில்லை என்று நினைக்கிறேன். இரவு முழுக்க நான் அழுது அவர் காதைத் தின்றிருந்தேன். தோணியில் வாப்பா பின்னால் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முன் பலகையில் இருந்தேன்.

கரையில் இறங்கும்போதே தேங்காய்ப்பால் வாசம். புது உடுப்புப் போட்ட பிள்ளைகள் எங்களைக் கண்டு பெருநாள் காசு கேட்டு ஓடி வந்தார்கள். ஆண்கள் ஓலைப் பள்ளிக்கு முன்னால் மணலில் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள். வாப்பா போய் நடுவில் நின்று, பிறை காணவில்லை, இன்றைக்கு முப்பதாவது நோன்பு, பிழை நடந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். ஒருவரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ராவு லைட் சிமிட்டினது அதுக்கா? நீங்க பெருநாள் சந்தோசத்துல வெளாடுறீங்க எண்டுல்ல நெனச்சோம்" என்று ஒருவர் சொன்னார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

முன் வரிசைப் பாயில் ஒரு முதியவர் இருந்தார். தீவிலேயே மூத்தவர், வாப்பாவுக்குப் பல வருஷமாக மீன் கொடுத்தவர். ஏழு வயதிலிருந்து ஒரு நோன்பு விட்டதில்லை என்று கடலில் காய்ச்சலோடு கிடந்த கதையை எல்லாம் சொல்கிறவர். வருகிற போகிறவர்களெல்லாம் அதை வைத்து அவரைச் சீண்டுவார்கள். அவர் எழுந்து வாப்பாவுக்குக் கிட்ட வந்தார்.

"நான் பாற்சோறு திண்டுட்டேனே."

"தெரியாமத்தானே மாமா. குத்தமில்ல. மிச்ச நேரம் திங்காம இருந்திட்டு, பொறகு இதுக்குப் பதிலா ஒண்ட களாப் புடிச்சாச் சரி."

"அப்ப இந்த வருசம் எனக்கு இருபத்தொம்பதுதானா?"

வாப்பா தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார்.

"யாரு பாத்த?" என்று அவர் கேட்டார். "டிவில யாரு பாத்த?"

நான் வாப்பாவுக்குப் பின்னால் மூன்று அடி தள்ளி நின்றேன். என் பெயர் வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நான்தான் மாமா. என்ட கண்ணால பாத்தேன்."

கருவாட்டில் உப்புக் கூடினால் கூடியது என்று வாங்க வந்தவனிடமே சொல்கிற மனிதர் என் வாப்பா. அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான், அதுவும் நோன்பு மாதத்தில், பள்ளிக்கு முன்னால், நாற்பது பேர் பார்க்க. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் வெட்கம் பிடுங்குகிறது. முதியவர் தண்ணீர்ப் பானையடிக்குப் போனார். நாங்கள் தோணியைத் தள்ளிப் புறப்படும் வரைக்கும் வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பிக்கொண்டே நின்றார்.

பிறகு ஊரில் வாப்பாவை யாரும் குற்றம் சொல்லவில்லை. பள்ளியை நடத்துகிற மரைக்காயர் அதற்கு ஒரு நல்ல ரேடியோ வாங்கிக் கொடுத்தார். இனிப் பிறைக்கு மோதினார் அதைக் கேட்டால் போதும் என்று முடிவாகிற்று. வாப்பாவிடம் அதைச் சொல்ல வந்தபோது, அவருக்குத் தொல்லை குறையட்டும் என்பது மாதிரிச் சொன்னார்கள். வாப்பாவும் நல்லது என்றார். அன்றிலிருந்து அவரிடம் மழை வருமா என்று கேட்டாலும் "பாப்போம்" என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தார். விலை கேட்டு வந்தவர்கள் அவருடைய "பாப்போம்" கேட்டுக் குழம்பிப் போனார்கள்.

பெருநாள் முடிந்து இரண்டு வாரத்தில் தீவிலிருந்து செய்தி வந்தது. அந்த முதியவர் மவுத்தாகிவிட்டார். நித்திரையிலேயே போய்விட்டாராம். வாப்பா ஜனாஸா அடக்கத்துக்குப் போய்விட்டு அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார். திங்கட்கிழமை களா நோன்பைப் பிடிப்பதாக இருந்தாராம், அதற்கு முந்திய வெள்ளி போய்விட்டார். "வாப்பா அந்த ஒண்ட எண்ணிட்டேதான் இருந்தார்" என்று மகன் சொல்லியிருக்கிறார். சொந்தக்காரர் அனுமதி தந்தால் வேறொருவர் மவுத்தானவருக்காக நோன்பு பிடிக்கலாம் என்று பள்ளி லெப்பையிடம் விசாரித்துக்கொண்டு, வாப்பா அந்த மகனிடம் அனுமதி கேட்டு வாங்கி வந்திருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை ஸஹருக்கு வாப்பா தனியாக எழும்பினார். நானும் எழும்பிப் போய் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் சோற்றுச் சட்டியை என் பக்கம் தள்ளினார். யாருக்காகப் பிடிக்கிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. ஒரு நோன்புக்கு ஒருவர் போதும். அந்த ஒருவர் இருக்கிறார். எனக்கென்று பாக்கி எதுவும் இல்லை, நான் முப்பதாவது நாள் நோன்போடுதான் தோணியில் போனேன். இருந்தாலும் நோன்பு பிடிப்பதாக மனசுக்குள் நிய்யத்து வைத்தேன்.

மாலையில் இரண்டு பேரும் பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் முன்னால் வைத்துக்கொண்டு பாங்குக்காகக் காத்திருந்தோம். டிவி அணைந்திருந்தது. அந்த நாளைப் பற்றி வாப்பா என்னிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. பழத்தைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மகள், அண்டைக்கு நீ டிவில உண்மையா என்னத்தப் பாத்த?"

இரண்டு வாரமாக அந்தக் கேள்விக்கு நான் பதில் தயாரித்து வைத்திருந்தேன். எழுத்து வேகமாக ஓடியது, கொழும்பு என்று நினைத்துவிட்டேன், நாடகத்தில் கண் இருந்தது. வாயைத் திறந்தபோது அதில் எதையும் சொல்ல வரவில்லை. நான் ஏமாந்தேனா, ஏமாறுவது வசதியாக இருந்ததால் ஏமாந்தேனா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"தெரியல்ல வாப்பா."

வாப்பா தலையை ஆட்டினார். கோபமில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது.

"இத அண்டைக்குச் செல்லியிருக்கலாமே மகள். நீ என்னட்ட செல்லியிருந்தா, நான் மோதினாருட்டப் பொறுங்க எண்டு செல்லியிருப்பேன். அந்த மனிசன் முப்பதையும் முடிச்சிட்டுப் போயிருப்பார்."